மூன்று இலை போட்ட பாம்பு

மரோமாந்தியா
பிப்ரவரி 11, 1988

அக்கா ஸாபிசுவாவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதே. அத்தானுக்கும் காட்டாதே. கடிதம் கொண்டுவரும் தோணிக்காரர் ஜாவோபெனோ, "தங்கச்சி என்ன எழுதியிருக்கு?" என்று கட்டாயம் கேட்பார். கருவாடு கேட்டிருக்கிறாள் என்று சொல்லிவிடு. படித்து முடித்ததும் அடுப்பில் போடு.

நீ சுகமா? அத்தான் சுகமா? உங்கள் கடற்கரையில் காற்று அடங்கியதா? இங்கே என்ன செய்தி என்று நீ கேட்பாய். செய்தி ஒன்றுமில்லை என்று முதலில் சொல்வதுதானே முறை. சொல்லிவிட்டேன். இனி செய்தியைக் கேள்.

என்னை ஈட்டிப் பாம்பு குறி பார்த்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பின்னால் மாமரத்தடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு இலை புத்தகத்தில் விழுந்தது. தட்டிவிட்டேன். இன்னொன்று மடியில் விழுந்தது. அதையும் தட்டிவிட்டேன். மூன்றாவது இலை நேராக என் தலையில் விழுந்தது. அப்போதுதான் பெரியப்பா சொல்வது நினைவுக்கு வந்தது. ஒன்று போட்டுப் பார்க்கும், இரண்டு போட்டுப் பார்க்கும், மூன்றாவது தலையில் விழுந்தால் குறி சரி. பிறகு பாம்பே ஈட்டியாக இறங்கி மாட்டின் முதுகைக்கூடத் துளைத்துவிடும்.

நிமிர்ந்து பார்த்தேன். என் தலைக்கு மேலே ஒரு காய்ந்த குச்சி தொங்கியது. அந்தக் குச்சிக்குக் கண் இருந்தது.

எழுந்து ஓடிவிட்டேன். ஆனால் ஓடினவரையும் அது மறக்காதாமே. எந்தக் கூரைக்குக் கீழே படுத்தாலும் தேடி வருமாமே. போன வருஷம் சந்தைத் தெருவில் ஒரு தையற்காரரை அது குறி பார்த்தது என்று, அவர் தங்கியிருந்த வீட்டில் அவரைத் தையல் மெஷினோடு வெளியே அனுப்பினார்கள். நான் தங்கிப் படிக்கும் வீட்டு ஸெலி அம்மாவுக்குத் தெரிந்தால் என்னையும் அனுப்பிவிடுவார். வேறு யார் வீட்டிலும் இடம் கிடைக்காது. அப்பா வந்து மாடு மேய்க்க அழைத்துப் போவார். ஜூன் மாதப் பரீட்சை எழுத முடியாது. அத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது.

ஸெலி அம்மா மண்ணெண்ணெயை அளந்து வைத்திருக்கிறார். அதனால் காப்பி மூட்டை அடுக்கிய அறையில் மெழுகுவர்த்தித் துண்டை வைத்து எழுதுகிறேன். எலி ஓடினாலும் உயிர் போய் வருகிறது.

என்ன செய்யட்டும்? அத்தானுக்கு என் வணக்கம். உன் கோழிகளுக்கும்.

உன் தங்கை,
வோலாசாரா

*

அந்தாபியாபே
பிப்ரவரி 24

அன்புத் தங்கை வோலாசாராவுக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே செய்தி ஒன்றுமில்லை. காற்று அடங்கவில்லை. அத்தான் கடலுக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து என் சமையலைக் குறை சொல்கிறார்.

உன் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. அடுப்பில் போட்டேன். ஈரமாக இருந்ததால் எரிய நேரமானது, அதற்குள் அத்தான் வந்துவிட்டார், நான் அதன்மேல் சட்டியை வைத்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் யோசித்து எழுது. அந்த இலை விழுந்தபோது உன் உடம்பில் என்னென்ன இருந்தது? கையில் என்ன, தலையில் என்ன, கீழே என்ன விரித்திருந்தாய்? ஒன்றும் விடாமல் எழுது. ஏன் என்று கேட்காதே.

இன்னொன்று. ஸெலி அம்மா எந்தக் குடி? அவருடைய அப்பா எந்த ஊர்? பேச்சுவாக்கில் கேட்டுப் பார்.

கணக்கை விடாதே. மரத்தடியில் வேண்டாம், வாசலில் உட்கார்ந்து போடு.

அக்கா,
ஸாபிசுவா

*

மரோமாந்தியா
மார்ச் 3

அக்காவுக்கு,

சுகம்தானே? நான் சுகம் என்று எழுதினால் பொய். தலையில் அடுக்களைச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு தூங்குகிறேன்.

நீ கேட்டது இது. தலையில் பனையோலைத் தொப்பி. இடுப்பில் நீ கொடுத்த மஞ்சள் துணி, "பொறாமைப்படுகிறவன் வயிறு நிறையாது" என்று ஓரத்தில் அச்சடித்தது. கீழே சிவப்புக் கரை போட்ட பாய். காதில் என் நீலப் பேனா செருகியிருந்தது. கணக்குப் புத்தகம் பள்ளிக்கூடத்துடையது, என்னுடையது வேறொன்றும் இல்லை. செருப்பை வாசலிலேயே விட்டிருந்தேன். ஏன் கேட்கிறாய் என்று நான் கேட்கவில்லை.

ஸெலி அம்மாவின் அப்பா ஆற்று முகத்துவாரத்துக்காரர், ஸாபிரானோ குடி. பேச்சுவாக்கில் அவரிடம் கேட்க முடியவில்லை, கடையில் காப்பி குடிக்க வருகிறவர்களிடம் கேட்டேன். அவர் என்னிடம் பேச்சே கொடுப்பதில்லை. "பிள்ளே, சாப்பிட்டீங்களா? படிச்சீங்களா? விளக்கை அணைச்சீங்களா?" அவ்வளவுதான். முகத்தில் அந்த மஞ்சள் மரச்சாந்தைப் பூசிக்கொண்டு சிரிக்காமல் கேட்பார். என்னை நீங்க வாங்க என்று பேசுகிற ஒரே ஆள் அவர்தான். அதுதான் பயமாக இருக்கிறது.

பாம்பு இன்னும் அங்கேயே இருக்கிறது. அடுக்களை ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். பார்க்காமலும் இருக்க முடியவில்லை. மூக்கு நுனியில் இலை மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது, ஓரமெல்லாம் ரம்பப் பல். கண்ணுக்கு மேலே புருவம் மாதிரி முள். உடம்பு பாசி பிடித்த பட்டையின் நிறம். பெரியப்பா இலை மூக்கைப் பற்றிச் சொன்னதே இல்லை. வகுப்பில் ஆசிரியரிடம், "மூக்கில் இலை உள்ள பாம்பு உண்டா?" என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். புத்தகத்தைப் புரட்டினார். அதில் பிரான்சு தேசத்துப் பாம்புகள்தான் இருந்தன. "இந்தப் பரீட்சைக்கு வராது" என்று மூடிவிட்டார்.

சீக்கிரம் பதில் போடு.

வோலாசாரா

*

அந்தாபியாபே
மார்ச் 17

மரோமாந்தியா பேருந்து நிறுத்தத்தில் காப்பிக் கடை வைத்திருக்கும் கிழட்டு முதலைக்கு,

சுகமாக இருக்கிறாயா? பல் எத்தனை மிச்சம்? இங்கே செய்தி ஒன்றுமில்லை, உன்னைப் போல ஒருத்தி இன்னும் உயிரோடிருக்கிறாள் என்பதைத் தவிர.

இப்படித் தொடங்கியதுமே நான் யார் என்று உனக்குப் புரிந்திருக்கும். உன் வீட்டில் தங்கிப் படிக்கும் வோலாசாராவின் அக்கா. எங்கள் அம்மா மேட்டுக்காட்டு அந்தான்கோனா குடிப் பெண். உன் குடிக்கும் எங்கள் அம்மா குடிக்கும் பாட்டன் காலத்திலிருந்து கேலிமுறை. நான் உன்னை ஏசலாம், நீ என்னை ஏசலாம், யாரும் கோபிக்கக் கூடாது. அம்மா இறந்தபோது வோலாசாரா பால்குடி மறக்காத குழந்தை. அப்பா வீட்டார் வளர்த்தார்கள். அம்மா பக்கத்து முறை எதுவும் அவளுக்குத் தெரியாது. அதனால்தான் அவள் உனக்கு முறை சொல்லவில்லை, நீயும் அவளை விருந்தாளி மாதிரி நீங்க வாங்க என்கிறாய்.

உன் மாமரத்தில் இருக்கும் ஈட்டிப் பாம்பு அவளைக் குறி பார்த்துவிட்டது. மூன்றாவது இலை தலையிலேயே விழுந்தது. நீ துரத்திவிடுவாய் என்று பயந்து சொல்லாமல் இருக்கிறாள். யாருக்கும் காட்டாதே என்று எனக்கு எழுதினாள். நான் காட்டவில்லை. சொல்லத்தான் செய்கிறேன்.

முறை உனக்கே தெரியும். கேலிமுறைக்காரி நம் பொருளைத் தூக்கிக்கொண்டு போனால் அதில் ஒட்டிய தீங்கும் கூடவே போய்விடும். உன்னை நோக்கி வரும் ஈட்டியோ சிரித்துச் சிரித்து வழுக்கிவிடும், உனக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் கேட்டு வாங்கினால் பலிக்காது. அவளாகக் கொடுத்தாலும் பலிக்காது. உனக்கு நன்றி சொன்னாலும் கெட்டது. களவு களவாகவே இருக்க வேண்டும். அதனால் நான் அவளிடம் வாயைத் திறக்கமாட்டேன். நீயும் திறக்காதே, அந்த வாயால் முடியுமானால்.

தொப்பி, மஞ்சள் துணி, சிவப்புக் கரைப் பாய், நீலப் பேனா. இந்த நான்கும்தான் அன்றைக்கு அவள் மேல் இருந்தவை.

உன் மீது மரியாதை சிறிதும் இல்லாத,
ஸாபிசுவா

*

மரோமாந்தியா
மார்ச் 25

கடலோரத்துக் காக்கா மூக்கிக்கு,

நான் சுகம். உன் கடுதாசி மீன் நாத்தம் அடிச்சுது, அதுலயே யாருன்னு தெரிஞ்சுது. நான் பேசற மாதிரிதான் எழுத வரும், பொறுத்துக்கோ. பொறுக்காட்டி போ.

இத்தனை மாசமா அந்தான்கோனா குட்டி ஒண்ணு என் வீட்டுல சோறு தின்னுக்கிட்டு இருக்கு, நான் அதை வாங்க போங்கன்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கேன். எனக்கு எவ்வளவு நஷ்டம்னு யோசிச்சுப் பாரு. திட்ட ஆளில்லாம நாக்கு துருப்பிடிச்சுக் கிடந்துது. என் மகன் ஸெலி லாரி ஓட்டப் போனதுலேர்ந்து வீடு கோயில் மாதிரி இருக்கு.

பாம்பைப் போய்ப் பார்த்தேன். இந்த வயசுக்கு நான் பார்க்காத பாம்பு. மூக்குல இலை ஒட்டிக்கிட்டு, புருவத்துல முள்ளு. கறிவேப்பிலை தின்னுட்டு வாயைத் துடைக்காத உன் சாதிக்காரி மாதிரி இருக்கு. அதை யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லி வெச்சுட்டேன்.

நாலையும் எடுத்துக்கறேன். ஒரே நாள்ல எடுத்தா புரிஞ்சுடும். புரிஞ்சா நன்றி சொல்லும், வளர்ப்பு அப்படி. ஒவ்வொண்ணா எடுக்கறேன்.

முதலை

*

மரோமாந்தியா
ஏப்ரல் 7

அக்காவுக்கு,

நீ சுகமா? என் கடிதம் கிடைத்ததா? உன் பதிலுக்காக ஒவ்வொரு தோணிக்கும் துறைக்குப் போகிறேன். ஜாவோபெனோ "கருவாடுதான் வந்திருக்கு" என்று சிரிக்கிறார்.

இதையும் காட்டாதே. எல்லாம் தெரிந்துபோய்விட்டது என்று நினைக்கிறேன். யார் சொன்னார்கள் என்றுதான் தெரியவில்லை.

போன வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தேன். ஸெலி அம்மா கடையில் தேங்காய்ப்பால் பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்தார். வழக்கம்போல வணக்கம் சொன்னேன். நிமிர்ந்து பார்த்து, "வந்துட்டியா, ஆந்தைமூஞ்சி" என்றார். காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஸெலி அம்மா விடவில்லை. "என்ன முழிக்கறே? சாப்பிட வர்றியா, இல்ல எலி பிடிச்சுத் தின்னுட்டு வந்துட்டியா?"

அதிலிருந்து தினமும் இப்படித்தான். அரிசி கழுவினால், "அரிசியைக் கழுவச் சொன்னா குளத்தையே கலக்கறியே, எருமை." தலை சீவினால், "இந்தக் கூட்டுல எந்தப் பறவை குடியிருக்கு?" ஒரு நல்லது, தட்டில் மீன் துண்டு பெரிதாகியிருக்கிறது. துரத்துவதற்கு முன் ஊட்டுகிறார் போலிருக்கிறது.

நேற்று என் தொப்பியைக் காணவில்லை. தேடினேன். ஸெலி அம்மா அதைத் தலையில் வைத்துக்கொண்டு வெற்றிலை வாங்கப் போனார். என்னைப் பார்த்துக்கொண்டே போனார்.

என் மூட்டையைக் கட்டுவதற்கு முன்னால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறார். நான் என்ன தவறு செய்தேன், அக்கா? உண்மையாகச் சொல், நீ யாரிடமாவது சொன்னாயா?

வோலாசாரா

*

அந்தாபியாபே
ஏப்ரல் 28

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்துக்கு எழுது. பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள், தோணியில் பாய் கிழிந்துவிட்டது என்று ஜாவோபெனோ சொன்னார். உண்மையில் அவர் கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

என் வெள்ளைக் கோழி அத்தானின் வலைக்குள் முட்டை வைத்துவிட்டது. அவர் அதை எடுக்கவும் முடியாமல் வலையை விரிக்கவும் முடியாமல் குந்தியிருக்கிறார். குஞ்சு பொரிக்கும்வரை எங்களுக்கு மீன் இல்லை.

யாருக்காவது காட்டினாயா என்று கேட்டால், காட்டவில்லை. 

தொப்பி பழையதுதானே, போகட்டும். இன்னும் ஏதாவது காணாமல் போனாலும் சண்டை போடாதே. கேட்காதே. கொடுக்கவும் கொடுக்காதே. ஸெலி அம்மா எது சொன்னாலும் தலை குனிந்துகொள். நன்றி மட்டும் சொல்லிவிடாதே, எதற்கும்.

முக்கோணத்தின் பரப்பளவு வருகிறதா? அந்தக் கணக்கில் நீ எப்போதும் பாதியாக வகுக்க மறப்பாய்.

ஸாபிசுவா

*

மரோமாந்தியா
மே 15

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கிறேன். கோழிக் குஞ்சுகளையும்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ எதையோ எழுதாமல் விட்டிருக்கிறாய். நன்றி சொல்லாதே என்று நீயா எழுதினாய்? சின்ன வயதில் நன்றி சொல்ல மறந்ததற்கு என் காதைத் திருகியவள் நீதானே.

பாய் போய்விட்டது. காப்பி மூட்டை மேல் படுக்கிறேன். மஞ்சள் துணியும் போய்விட்டது, துவைத்துக் காயப்போட்டிருந்தேன், ஈரத்தோடு உருவிக்கொண்டு போனார்.

இதைக் கேள். நேற்று அடுக்களை ஜன்னலிலிருந்து பார்த்தேன். மாமரத்தடியில், பாம்புக்கு நேர் கீழே, என் பாயை விரித்து, என் துணியை இடுப்பில் கட்டி, என் தொப்பியை வைத்துக்கொண்டு ஸெலி அம்மா உட்கார்ந்திருந்தார். துணி அவருக்குப் பாதி இடுப்புதான் சுற்றியது. அவரைக்காய் உரித்துக்கொண்டே மேலே பார்த்துப் பேசினார்.

"என்ன பார்க்கறே? போடு இலையை. இவ்வளவு அகலத்துக்குக் குறி தப்பினா உனக்கு அவமானம்."

பாம்பு அசையவில்லை. ஒரு இலை விழுந்தது. அதை எடுத்து அவரைக்காய்த் தோலோடு போட்டுக்கொண்டு, "ஒண்ணு" என்றார். வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில், "சோம்பேறி, உனக்கும் அந்த ஆந்தைக்கும் ஒரே புத்தி" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

அவருக்குப் பாம்பைப் பற்றித் தெரியும், அக்கா. ஆந்தை நான்தான். அப்படியானால் ஏன் இன்னும் என்னை அனுப்பவில்லை?

காரணம் இன்று தெரிந்தது. மாடு ஓட்டிப் போகிறவர்களிடம் அப்பாவுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறார். "உன் மகள் விஷயமா நேர்ல பேசணும், ஜூன்ல வா." என் காதில் விழவே சத்தமாகச் சொன்னார்.

பரீட்சை முடியும்வரையாவது விட்டுவைக்கச் சொல்லி நீ அவருக்கு ஒரு வரி எழுத முடியுமா?

வோலாசாரா

*

மரோமாந்தியா
ஜூன் 9

காக்கா மூக்கிக்கு,

சுகம். முட்டி வலி, அதுக்கும் காரணம் நீதான்.

மூணு உருப்படி எடுத்தாச்சு. மூணையும் போட்டுக்கிட்டு அதும் கீழே உட்கார்ந்து பார்த்தேன், அது என்னை நோக்கி ஒரு சாண்கூட இறங்கல. ஒரு பல்லியைப் பிடிச்சுத் தின்னுட்டுப் பழையபடி குச்சியாயிடுச்சு. அதைத் திட்டித் திட்டி இப்ப எனக்குப் பழக்கமாயிடுச்சு. ஒரு நாள் காணோம்னா தேடறேன்.

பேனாதான் பாக்கி. உன் தங்கச்சி அதைக் கீழேயே வைக்கறதில்ல. தூங்கும்போதும் கைக்குள்ளே. ராத்திரி மூட்டை ரூம்ல மெழுகுவர்த்தி வெச்சு உனக்கு எழுதுது, எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. என் வீட்டு மெழுகுவர்த்தி எவ்வளவு குறையுதுன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் பெரிய துண்டா பார்த்து வெளியே வெக்கறேன்.

பேனா இல்லாம பரீட்சை எப்படின்னு கவலைப்படாதே. புதுசு ரெண்டு வாங்கி அரிசிப் பானைக்குள்ள புதைச்சு வெச்சிருக்கேன். பரீட்சை அன்னிக்குக் காலைல அது அரிசி எடுக்கப் போகும். தானா கிடைக்கட்டும்.

உங்கப்பன் வர்றான். வரட்டும். பொண்ணு படிச்சது இந்த வருஷத்தோட போதும், மாட்டுக்கு ஆள் வேணும்னு சொல்லியிருக்கானாம். பேனாவையும் எடுத்துட்டா நாலும் ஆச்சு. அப்புறம் அஞ்சாவதா பொண்ணையே எடுத்துக்கறேன். அந்தான்கோனாக்காரி பெத்த பொண்ணை ஸாபிரானோக்காரி தூக்கிட்டுப் போனா எவன் கேக்க முடியும்? படிப்பு முடியறவரைக்கும் அது என் வீட்டு ஆந்தை. அவனுக்கு வேணும்னா என் வீட்டுல ஒரு கோழியைத் திருடிட்டுப் போகட்டும்.

இதையும் அதுகிட்ட சொல்லாதே.

முதலை

*

மரோமாந்தியா
ஜூன் 16

அக்காவுக்கு,

சுகமா? இதுதான் இங்கிருந்து எழுதும் கடைசிக் கடிதமாக இருக்கும். யாருக்கும் காட்டாதே என்று இந்த முறை எழுதப் போவதில்லை. எல்லாருக்கும் தெரிந்ததை யாருக்குக் காட்டினால் என்ன?

அப்பா சாயங்காலம் வந்தார். கன்றுக்குட்டியைப் பார்ப்பதுபோல என் தோளைத் தட்டிப் பார்த்தார். அவரும் ஸெலி அம்மாவும் கடையில் உட்கார்ந்து பேசினார்கள். நான் அடுக்களையில் அடிப்பிடித்த சோற்றில் குடிப்பதற்குத் தண்ணீர் ஊற்றிக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்டதெல்லாம் அப்பாவின் ஒரு வரிதான்: "அதெப்படி நீங்க எடுத்துக்க முடியும்?" பிறகு ஸெலி அம்மா சிரித்தார். பிறகு, நம்பமாட்டாய், அப்பாவும் சிரித்தார். என்னை அனுப்புவதில் இரண்டு பேருக்கும் சந்தோஷம்.

நாளைக் காலையில் நானே முந்திக்கொண்டு ஸெலி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன். பாம்பு குறி பார்த்தது உண்மை, மறைத்தது என் தவறு, பரீட்சைவரை மாட்டுக் கொட்டகையிலாவது படுத்துக்கொள்கிறேன், அதன் கூரை துளைபட்டால் உங்களுக்கு நஷ்டமில்லை என்று.

இன்று ஒரு காரியம் செய்தேன். மத்தியானம் மாமரத்தடிக்குப் போனேன். தொப்பி இல்லை, துணி இல்லை, பாய் இல்லை. இழக்க ஒன்றும் இல்லாதபோது பயம் ஏனோ பாதியாகிவிட்டது. கிட்டே நின்று பார்த்தேன். காற்று வந்தபோது அது மெல்ல ஆடியது, பக்கத்துக் குச்சிகள் எவ்வளவு ஆடினவோ அவ்வளவுதான். காற்று நின்றதும் நின்றது. இலை ஒன்று விழுந்தது. அது போட்டதா, மரம் போட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை, அக்கா. நான் மூன்று என்று எண்ணினேன், அவ்வளவுதான். அதற்கு முன்னால் விழுந்தவற்றை எண்ணவில்லை.

அந்த மூக்கு இலை எவ்வளவு அழகு தெரியுமா? எங்கள் புத்தகத்துப் பாம்பு எதற்கும் அப்படி இல்லை. பள்ளிக்கூடத்தில் இன்னும் ஒரு வருஷம் இருந்தால் அதை வரைந்து ஆசிரியரிடம் காட்டியிருப்பேன்.

சிரிக்காதே, ஸெலி அம்மாவின் திட்டு இல்லாமல் எப்படி இருப்பேன் என்று தெரியவில்லை. இன்று ராத்திரி சாப்பிடும்போது, "பரப்பளவைப் பாதியா வகுத்தியா, மக்கு?" என்றார். இது அவருக்கு எப்படித் தெரியும்? நீ எனக்கு மட்டும்தானே

கதவு தட்டுகிற சத்தம். மெழுகுவர்த்தியை அணைக்கலாமா என்று பார்க்கிறேன், பலகை இடுக்கில் வெளிச்சம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். அப்பா இல்லை. அப்பாவுக்கு இப்படித் தட்டத் தெரியாது.

"ஏய் ஆந்தை, திற. நான் ஒண்ணும் கேக்க வரல."

திறக்கவில்லை, அவரே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். என் தொப்பியை வைத்திருக்கிறார். என் துணியைக் கட்டியிருக்கிறார். என் கையையே பார்க்கிறார். சிரிப்பை அடக்குகிறார். அக்கா, நான் பேனாவை இறுக்கிப் பிடித்திரு